பாலைவனத்தில் ஒரு கவசப் படை

பாலைவனப் போரைக் கடற்போருக்கு ஒப்பிட்டுப் பேசுவது ராணுவ நூலோரின் வழக்கம். கடலில் ஊர் இல்லை, வயல் இல்லை, பிடித்துவைத்துக் காப்பதற்குரிய மேடும் இல்லை. கப்பல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அதன் வயிற்றிலுள்ள எண்ணெயே முடிவு செய்கிறது. வட ஆப்பிரிக்காவின் மணல்வெளியும் ஏறத்தாழ அத்தகையதே. அங்கே 1941ஆம் ஆண்டு பிப்ரவரியிலிருந்து 1943ஆம் ஆண்டு மே வரையில், இருபத்தேழு மாதங்கள், ஒரு ஜெர்மானியக் கவசப் படை போரிட்டது. ‘ஆப்பிரிக்கா கோர்’ என்று உலகம் அதனை அறியும். அதன் தளபதி ரோம்மல் அவர்களின் பெயர் நம் நாட்டுச் சந்தைக் கடைகளிலும் ரயில் வண்டிகளிலும்கூட ஒரு காலத்தில் அடிபட்டது. அந்தப் படை எவ்வாறு தோன்றிற்று, எதனால் வென்றது, எதனால் அழிந்தது என்பவற்றைச் சுருக்கமாக ஆராய்வோம். எதிர்ப் பக்கத்தில் நின்றோருள் நம்மவர் ஆயிரக்கணக்கானோர் இருந்தனராதலின், இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலாருடையது எனக் கூறுவதற்கில்லை.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ‘பான்சர்’ என்னும் ஜெர்மானியச் சொல்லுக்குக் கவசம் என்பதே பொருள். டாங்கிகளை முதன்மையாகக் கொண்ட டிவிஷனைப் பான்சர் டிவிஷன் என்பர். இரண்டோ அதற்கு மேற்பட்டனவோ ஆகிய டிவிஷன்களை ஒரே தளபதியின்கீழ் இணைத்தால் அது ‘கோர்’ எனப்படும். கவசப் படை என்றவுடன் டாங்கிகள் மட்டுமே நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. உண்மையில் டாங்கியோடு மோட்டார் வண்டிகளில் விரையும் காலாட்படை, பீரங்கிப் படை, டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகள், பொறியியல் பிரிவினர், கம்பியில்லாத் தந்திப் பிரிவினர், பழுது பார்க்கும் பட்டறைகள் ஆகிய அனைத்தும் சேர்ந்து ஓருடல் போல இயங்குவதே கவசப் படையாகும். இதனை நன்குணர்ந்து பழகியதே ஜெர்மானியரின் தொடக்ககால வெற்றிக்குக் காரணம்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1940ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் நாள் இத்தாலி போரில் இறங்கிற்று. லிபியா அப்பொழுது இத்தாலியரின் ஆட்சியில் இருந்தது. எகிப்தில் பிரிட்டிஷ் படைகள் இருந்தன. செப்டம்பரில் இத்தாலியப் படை எகிப்து எல்லையைத் தாண்டிச் சிடி பராணி வரையில் வந்து நின்றது. டிசம்பர் 9ஆம் நாள் பிரிட்டிஷ் தரப்பு எதிர்த்தாக்குதல் தொடங்கியபோது அதன் முன்னணியில் நின்றவை இரண்டே டிவிஷன்கள். ஒன்று பிரிட்டிஷாரின் ஏழாம் கவச டிவிஷன். மற்றொன்று சிவப்புக் கழுகைச் சின்னமாகக் கொண்ட நம் நான்காம் இந்திய டிவிஷன். சிடி பராணி வீழ்ந்ததும் இந்திய டிவிஷன் செங்கடற்பக்கம் எரித்ரியாப் போருக்கு அனுப்பப்பட்டது. எஞ்சிய படை 1941 பிப்ரவரிக்குள் லிபியாவின் கிழக்குப் பகுதி முழுவதையும் கைப்பற்றிற்று. சிறைப்பட்ட இத்தாலியர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்.

தோழன் வீழ்ந்தால் தன் தெற்குப் பக்கம் திறந்துவிடும் என்று ஹிட்லர் அஞ்சினார். லிபியாவுக்கு ஒரு தடுப்புப் படையை அனுப்பும் கட்டளை 1941 ஜனவரியில் பிறந்தது. ‘தடுப்பு’ என்ற அச்சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். எகிப்தைக் கைப்பற்றும் நோக்கம் அப்பொழுது பெர்லினில் இல்லை. அங்கே ருஷ்யாவின்மீது படையெடுக்கும் ஆயத்தமே நடைபெற்று வந்தது. பிப்ரவரி 12ஆம் நாள் ரோம்மல் திரிப்போலி விமானத் தளத்தில் இறங்கினார். இரண்டு நாள் கழித்து முதற்படைகள் கப்பலிலிருந்து இறங்கின. அதே மாதத்தில் அப்படைக்கு ‘ஜெர்மானிய ஆப்பிரிக்கா கோர்’ என்னும் பெயர் இடப்பட்டது. ஐந்தாம் இலகு டிவிஷனும் பதினைந்தாம் பான்சர் டிவிஷனும் அதன் இரு கால்கள். முன்னது பின்னர் இருபத்தொன்றாம் பான்சர் டிவிஷன் எனப் பெயர் மாறிற்று. டாங்கிகள் குறைவாயிருந்த அத்தொடக்க நாட்களில், சிறு மோட்டார் கார்களின்மீது மரத்தாலும் துணியாலும் கூடு அமைத்துப் பொய்த் டாங்கிகளைச் செய்து, விமானத்திலிருந்து பார்ப்போரை ரோம்மல் ஏமாற்றினார்.

பெயரளவில் அவர் இத்தாலியத் தலைமைக்கு உட்பட்டவர். காத்திருக்குமாறு ரோமும் பெர்லினும் கூறின. அவரோ காத்திருக்கவில்லை. மார்ச் இறுதியில் தாக்குதலைத் தொடங்கிச் சில நாட்களில் பெங்காசியை எடுத்துக்கொண்டார். ஏப்ரல் 8ஆம் நாள் மெக்கிலி என்னும் பாலைவனக் கோட்டையை அவர் படை சூழ்ந்து பிடித்தது. அங்கே நின்றது மூன்றாம் இந்திய மோட்டார் பிரிகேட். குதிரைகளை விட்டுவிட்டு லாரிகளில் ஏறிய நம் குதிரைப்படை ரெஜிமெண்டுகள் அவை. டாங்கிகள் அவர்களிடம் இல்லை. பெரும்பாலோர் சிறைப்பட்டனர். சிலர் முற்றுகையைப் பிளந்துகொண்டு வெளியேறினர். அவர்களுள் ஒருவர் மேஜர் ராஜேந்திரசிங்ஜி. அச்செயலுக்காக அவர் டி.எஸ்.ஓ. விருது பெற்றார், விடுதலைக்குப் பின்னர் நம் தரைப்படையின் தலைமைத் தளபதியாகவும் விளங்கினார்.

ஏப்ரல் நடுவில் ரோம்மல் எகிப்து எல்லையை அடைந்துவிட்டார். ஆயினும் இடையே இருந்த தோப்ருக் துறைமுகம் பணியவில்லை. ஆஸ்திரேலியர் முதன்மையாக நின்று அதனைக் காத்தனர். இந்தியக் குதிரைப்படை ரெஜிமெண்டு ஒன்றும் உள்ளே இருந்தது. முற்றுகை எட்டு மாதம் நீடித்தது. ஜூன் 15ஆம் நாள் பிரிட்டிஷார் எல்லையில் தாக்கியபோதுதான் ஆப்பிரிக்கா கோரின் போர்முறை முழுமையாக வெளிப்பட்டது. டாங்கியை டாங்கியால் எதிர்க்க வேண்டும் என்பது பிரிட்டிஷாரின் எண்ணம். ஜெர்மானியரோ தம் டாங்கிகளைத் தூண்டிலின் இரையாகக் காட்டிப் பின்வாங்குவர். துரத்தி வரும் டாங்கிகள் மறைந்திருக்கும் பீரங்கிகளின் வாயில் வந்து விழும். விமானங்களைச் சுடுவதற்கென்று செய்யப்பட்ட 88 மில்லிமீட்டர் பீரங்கியைத் தரையோடு தாழ்த்தி ஹல்பாயாக் கணவாயில் அவர்கள் புதைத்து வைத்திருந்தனர். மூன்று நாட்களில் பிரிட்டிஷார் தொண்ணூறு டாங்கிகளை இழந்தனர். ஜெர்மானியர் முற்றாக இழந்தவை ஏறத்தாழ பன்னிரண்டே.

அவ்வாறு குறைந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. அடிபட்ட டாங்கி செத்த டாங்கி ஆகிவிடாது. சங்கிலி அறுந்தும் சக்கரம் உடைந்தும் நிற்பதைப் பட்டறைக்கு இழுத்துச் சென்றால் சில நாட்களில் மீண்டும் போருக்கு அனுப்பலாம். இரவில் பெரிய இழுவை வண்டிகளுடன் போர்க்களத்துக்குள்ளேயே சென்று, தம் டாங்கிகளை மீட்டுவருவதில் ஜெர்மானியர் கைதேர்ந்திருந்தனர். ஆகவே களத்தைக் கைவசம் வைத்திருப்பவரே இழப்பைக் குறைத்துக்கொள்வார். பெயர் தெரியாத மெக்கானிக்குகளுக்கு இந்த வெற்றிகளில் பெரும் பங்கு உண்டு.

1941 நவம்பர் 18ஆம் நாள் பிரிட்டிஷ் எட்டாம் சேனை பெருந்தாக்குதலைத் தொடங்கிற்று. நான்காம் இந்திய டிவிஷன் எரித்ரியாவில் வென்று மீண்டு, எல்லைப்புற அரண்களைத் தாக்கியது. மூன்று வாரம் இருதரப்பும் ஒன்றையொன்று தேடியும் துரத்தியும் சிதறியும் மோதின. இறுதியில் தோப்ருக் முற்றுகை நீங்கிற்று. அப்போரில் ரோம்மலின் கீழிருந்த மூன்று ஜெர்மானிய டிவிஷன் தளபதிகளுள் ஒருவர் சிறைப்பட்டார். இருவர் உயிர் நீத்தனர். படை தொடங்கிய இடத்துக்கே பின்வாங்கிற்று.

இங்கே ஒரு விசித்திரத்தைக் காண்கிறோம். பின்வாங்குந்தோறும் ரோம்மல் வலுப்பெற்றார், முன்னேறுந்தோறும் மெலிந்தார். பிரிட்டிஷாருக்கும் அதே விதி. காரணம் தூரமே. திரிப்போலித் துறைமுகத்திலிருந்து அலமேன் வரையில் சாலை வழியே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். சென்னையிலிருந்து தில்லிக்கு வரும் ரயில் பாதையின் நீளத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவ்வழியை இரண்டு இரவு வண்டியில் அமர்ந்து கடந்த நம்மில் பலருக்கு அத்தூரத்தின் பொருள் விளங்கும். அங்கே பயனுள்ள ரயில் பாதை இல்லை. கடலோரமாக ஒரே சாலை. ஒவ்வொரு குடம் தண்ணீரும், ஒவ்வொரு குண்டும், ஒவ்வொரு ரொட்டியும் லாரியில் செல்ல வேண்டும். லாரி சுமந்து செல்லும் பெட்ரோலில் பெரும்பங்கை லாரியே குடித்துவிடும். இவை யாவும் இத்தாலியிலிருந்து முதலில் கடலைக் கடந்தாக வேண்டும். வழியில் மால்ட்டா என்னும் சிறு தீவு பிரிட்டிஷார் கையில் இருந்தது. அங்கிருந்து எழும் விமானங்களும் நீர்மூழ்கிகளும் கப்பல்களை மூழ்கடித்தன. ஜெர்மானியர் உடைக்கவே முடியாது என்று நம்பிய சங்கேத மொழியைப் பிரிட்டிஷார் படித்து வந்தனர் என்பது பிற்காலத்தில் வெளிப்பட்டது. எக்கப்பல் எந்நாளில் புறப்படும் என்பதைப் பலமுறை அவர்கள் முன்கூட்டியே அறிந்திருந்தனர். ரோம்மலும் இத்துறையில் சும்மா இருக்கவில்லை. கெய்ரோவில் இருந்த அமெரிக்க ராணுவப் பிரதிநிதி வாஷிங்டனுக்கு அனுப்பிய தந்திகளை 1942 ஜூன் இறுதி வரையில் அவர் தரப்பினர் படித்தனர். அவ்வூற்று வற்றியதும் அவருடைய கண்களுள் ஒன்று மூடிற்று.

1942 ஜனவரியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட புதிய டாங்கிகள் திரிப்போலியில் இறங்கின. உடனே ரோம்மல் திரும்பித் தாக்கிப் பெங்காசியை மீட்டார். மே 26ஆம் நாள் இரவு, கசாலா என்னும் இடத்தில் கண்ணிவெடி வயல்களுக்குப் பின்னே நின்ற எட்டாம் சேனையைத் தெற்குப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு அவர் புறப்பட்டார். மறுநாள் காலையில் அந்த வெள்ளத்தின் வழியில் முதலில் நின்றது மீண்டும் அதே மூன்றாம் இந்திய மோட்டார் பிரிகேட். பீர் ஹக்கீமுக்கு அருகில் இத்தாலியக் கவச டிவிஷன் ஒன்று அதன்மீது பாய்ந்தது. பிரிகேடின் பீரங்கிப் பிரிவு ஒன்றுக்குத் தலைமை தாங்கி நின்றவர் நம் தமிழ்நாட்டுக் குமாரமங்கலத்தைச் சேர்ந்த பி.பி. குமாரமங்கலம். சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாயிருந்த டாக்டர் சுப்பராயன் அவர்களின் புதல்வர். அன்றைய செயலுக்காக டி.எஸ்.ஓ. விருது பெற்றார், போரிற் சிறைப்பட்டு ஐரோப்பாவில் கைதியாகவும் வாழ்ந்தார். அவரே பின்னர் 1966 முதல் 1969 வரையில் பாரத ராணுவத்தின் தலைமைத் தளபதியாக விளங்கினார்.

ஜூன் 21ஆம் நாள் தோப்ருக் வீழ்ந்தது. ஏறத்தாழ 33,000 பேர் சிறைப்பட்டனர். பதினொன்றாம் இந்தியக் காலாட்படைப் பிரிகேடும் அவர்களுள் அடங்கும். மறுநாள் ரோம்மல் பீல்டு மார்ஷல் ஆனார். இங்கேதான் அவர் பெரும் பிழை செய்தார் எனலாம். தோப்ருக்கைப் பிடித்தபின் நின்று, முதலில் மால்ட்டாவைக் கைப்பற்றுவதென்றே தீர்மானமாகியிருந்தது. வெற்றி மயக்கத்தில் அது கைவிடப்பட்டது. கைப்பற்றிய பிரிட்டிஷ் பெட்ரோலையும் லாரிகளையும் நம்பி அவர் எகிப்துக்குள் விரைந்தார்.

அலமேன் என்பது ஒரு சிறிய ரயில் நிலையம். அதற்கு வடக்கே கடல். தெற்கே அறுபது கிலோமீட்டர் தொலைவில் வண்டிகள் இறங்க முடியாத கட்டாரா என்னும் பெரும் பள்ளம். பாலைவனத்தில் சுற்றிவளைக்க வழியற்ற இடம் அது ஒன்றே. ஜூலை 1ஆம் நாள் ஆப்பிரிக்கா கோர் அவ்வாயிலைத் தாக்கியபோது, டேர் எல் ஷேன் என்னும் தாழ்விடத்தில் பதினெட்டாம் இந்தியப் பிரிகேடு எதிர்ப்பட்டது. ஈராக்கிலிருந்து அவசரமாக வரவழைக்கப்பட்டு, பள்ளம் தோண்டுவதற்கும் போதிய நேரமின்றி நின்ற படை அது. பகல் முழுதும் அது தாங்கிற்று. மாலையில் அழிந்தது. ஆனால் அந்த ஒரு பகல் ரோம்மலுக்கு மீண்டும் கிடைக்கவில்லை. அன்று அவரிடம் ஓடக்கூடிய ஜெர்மன் டாங்கிகள் ஐம்பது அளவிலேயே இருந்தன. ஆகஸ்டு இறுதியில் ஆலம் ஹல்பா மேட்டை நோக்கி அவர் செய்த கடைசி முயற்சியும் பெட்ரோல் இன்மையாலும் விமானத் தாக்குதலாலும் முறிந்தது. அப்போரில் கோரின் தளபதி காயமுற்றார். இருபத்தொன்றாம் பான்சர் டிவிஷனின் தளபதி மாண்டார்.

அக்டோபர் 23ஆம் நாள் இரவு மாண்ட்கோமரி தம் பெருந்தாக்குதலைத் தொடங்கினார். அவரிடம் ஏறத்தாழ ஆயிரம் டாங்கிகள். எதிரியிடம் இத்தாலியருடையதையும் சேர்த்து அதிற்பாதி. ஜெர்மானியர் ஏறத்தாழ ஐந்து லட்சம் கண்ணிவெடிகளைப் புதைத்து வைத்திருந்தனர். சாப்பர்கள் முன்னே தவழ்ந்து சென்று, கருவியாலும் துப்பாக்கிக் கத்தியின் நுனியாலும் அவற்றைத் தேடி எடுத்தாலன்றி டாங்கிகள் ஓரடியும் நகர இயலாது. நான்காம் இந்திய டிவிஷனோடு பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்கள் பணியாற்றினர். ராணுவத்தார் அவர்களை இன்றும் அன்புடன் ‘தம்பிகள்’ என்றே அழைக்கின்றனர். பன்னிரண்டு நாள் போருக்குப் பின், நவம்பர் 4ஆம் நாள், ஆப்பிரிக்கா கோரின் தளபதி தோமா களத்திலேயே சிறைப்பட்டார். நின்று மடியுமாறு ஹிட்லர் கட்டளையிட்டிருந்தார். ஒரு நாள் தயங்கியபின் ரோம்மல் பின்வாங்கினார். அப்பொழுது கோரிடம் எஞ்சிய டாங்கிகள் சில பத்துகளே. வண்டிகளை ஜெர்மானியர் எடுத்துக்கொள்ள, இத்தாலியக் காலாட்படையினர் பலர் பாலைவனத்தில் தண்ணீரின்றிக் கைவிடப்பட்டனர்.

நவம்பர் 8ஆம் நாள் மேற்கே மொராக்கோவிலும் அல்ஜீரியாவிலும் அமெரிக்கப் படைகளும் பிரிட்டிஷ் படைகளும் இறங்கின. அதன்பின் நடந்தது இரு பக்கமும் நெருக்குண்ட ஒரு படையின் முடிவே. 1943 பிப்ரவரியில் காசரீன் கணவாயில் அமெரிக்கருக்கு ஓர் அடி கொடுத்ததே அதன் கடைசிப் பெரிய செயல். மார்ச் 9ஆம் நாள் ரோம்மல் ஆப்பிரிக்காவை விட்டு நீங்கினார். மே மாதம் 12ஆம் நாள், குண்டுகள் தீர்ந்தன, கருவிகள் அழிக்கப்பட்டன என்று தாய்நாட்டுக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் கோரின் இறுதித் தளபதி கிராமர் சரணடைந்தார். ஆப்பிரிக்காவிலிருந்த ஜெர்மானியப் படைகள் அனைத்துக்கும் தலைவரான ஆர்னிம் அன்றே சிறைப்பட்டது நம் நான்காம் இந்திய டிவிஷனின் கையில். தொடக்கத்தில் சிடி பராணியில் நின்ற அதே சிவப்புக் கழுகு முடிவிலும் நின்றது.

இப்படையைப் பற்றி நெடுங்காலம் ஒரு பெருமை பேசப்பட்டு வந்தது. வெறுப்பற்ற போர், வீரருக்கும் வீரருக்கும் நடந்த கண்ணியமான போட்டி என்பது அது. கைதிகளைப் பெரும்பாலும் முறையாக நடத்தினர் என்பது மெய்யே. ஆனால் முழு உண்மை அத்துடன் முடியவில்லை. எகிப்து வீழ்ந்தால் ரோம்மலின் சேனையைத் தொடர்ந்து சென்று அங்குள்ள யூதர்களை அழிப்பதற்கென்று ஒரு கொலைப் பிரிவு 1942 கோடையில் ஆயத்தமாக இருந்தது. அதன் தலைவன் பின்னர் துனீசியாவில் ஆயிரக்கணக்கான யூதர்களைக் கட்டாய வேலைக்கு ஓட்டினான். லிபியாவில் இத்தாலியர் அமைத்த ஜாடோ முகாமில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட யூதர்கள் நோயாலும் பட்டினியாலும் இறந்தனர். படைவீரனின் கண்ணியம் எத்தகைய ஆட்சிக்கு வழி திறந்துவிடுகிறது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

நம் பக்கத்திலும் எளிய விடை இல்லை. நம் வீரர்கள் அலமேனில் நின்ற அதே 1942இல், ஆகஸ்டு மாதத்தில், நாட்டின் தலைவர்கள் சிறைக்குள் தள்ளப்பட்டனர். பிறருடைய விடுதலைக்காகப் போரிட்டவர்க்குத் தம் விடுதலை இல்லை. ஆப்பிரிக்காவில் சிறைப்பட்ட இந்தியர்களிலிருந்தே நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் ஓர் இந்தியப் படையைத் திரட்டினார். ஏறத்தாழ மூவாயிரம் பேர் அதிற் சேர்ந்தனர். மற்றவர்கள் மறுத்து முள்வேலிக்குள்ளேயே இருந்தனர். ஒரே ரெஜிமெண்டில் ஒரே பாத்திரத்தில் உண்ட இருவர் இவ்வாறு பிரிந்ததுண்டு. இருவருள் எவரையும் குறைகூற நமக்குத் தகுதி இல்லை. அந்நிய ஆட்சி ஒரு மனிதனின் கடமையை இரண்டாகப் பிளந்துவிடுகிறது என்று மட்டும் அறிந்துகொள்வோம்.

அலமேனில் இன்று மூன்று நாட்டாரின் நினைவிடங்கள் தனித்தனியே உள்ளன. ஜெர்மானியருடையது கோட்டை வடிவில் 1959இல் திறக்கப்பட்டது. 4,200 பேர் அதனுள் உறங்குகின்றனர். இத்தாலியருக்கு ஓர் உயர்ந்த வெண்கோபுரம். பிரிட்டிஷ் காமன்வெல்த்துக்குரிய மயானத்தில் கல்லறை வரிசைகளுக்கு அப்பால் ஒரு தனி நினைவுச் சின்னம் இருக்கிறது. தம் சமய முறைப்படி எகிப்திலும் லிபியாவிலும் தகனம் செய்யப்பட்ட அறுநூறுக்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்கள் சாம்பல் அந்த மணலோடு கலந்தது. சுற்றியுள்ள நிலத்தில் எடுக்கப்படாத கண்ணிவெடிகள் இன்னும் புதைந்து கிடக்கின்றன. போர் முடிந்து எண்பது ஆண்டுகள் கடந்தும், ஆடு மேய்க்கச் சென்ற எகிப்தியர்கள் அவற்றால் காலும் உயிரும் இழந்திருக்கின்றனர்.

ரோம்மலின் பெயரை உலகம் மறக்கவில்லை. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்து பிற மாநிலங்களில் வாழும் நாம், அவ்வாறே ஊரைவிட்டுச் சென்று திரும்பாத இப்பெயர்களையும் ஒருமுறை நினைத்துக்கொள்வது முறையாகும்.